மெக்கானிக்கல் பெயிண்ட்பால் மார்க்கர்: உள்பாகங்களை மாற்றுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரியும் சர்க்யூட் போர்டும் இல்லாமல், ஸ்பிரிங்கும் காற்றழுத்தமும் மட்டுமே இயக்குகிற மார்க்கர்களைப் (பெயிண்ட்பால் துப்பாக்கிகளை) பற்றியது இந்தப் பக்கம். டிப்மேன் 98, ஸ்பைடர் மாதிரியான புளோபேக் வகைகளுக்கே (சுடும் காற்றின் ஒரு பகுதியே அடுத்த சுடுதலுக்குத் தயார்செய்யும் வகை) பெரும்பாலான பதில்கள் பொருந்தும். ஆட்டோகாக்கருக்குக் கடைசிப் பக்கமாகத் தனியே ஒரு கேள்வி உண்டு.

மார்க்கரைத் திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கண்ணாடியைப் போடுங்கள். பெயிண்ட்பாலுக்கென்றே செய்த முகமூடிதான், வேறு எதுவும் உதவாது. பேரலுக்கு உறையை மாட்டுங்கள். ஹாப்பரை (குண்டுகளைப் போட்டுவைக்கும் டப்பா) கழற்றி, மார்க்கருக்குள்ளே குண்டு எதுவும் நிற்கவில்லை என்று பாருங்கள். அப்புறம் டேங்கை மெதுவாக இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். ஒரு கட்டத்தில் டேங்கின் வால்வு தானாக மூடிக்கொள்ளும். அப்போதும் மார்க்கருக்குள் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும். பாதுகாப்பான திசையில் பிடித்து, சத்தமே வராத வரை காக் செய்து (சுடத் தயார் நிலைக்கு இழுத்துவைத்து) சுட்டு அதைக் காலி செய்யுங்கள். "டேங்க் கழன்றுவிட்டது, அவ்வளவுதான்" என்று நினைத்து ஸ்க்ரூவில் கைவைக்கக் கூடாது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. டேங்கைத் திருகும்போது, டேங்க் மார்க்கரிலிருந்து கழல்வதற்குப் பதிலாக, டேங்கின் தலையில் இருக்கும் பித்தளை வால்வே பாட்டிலிலிருந்து கழன்றுவரலாம். கையில் உணரும்போது இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அப்படிக் கழன்ற பாட்டில் ராக்கெட் வேகத்தில் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தடுக்கும் வழி எளியது: வால்விலும் பாட்டிலிலும் சேர்ந்தாற்போல் நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். திருகும்போது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, தெரிந்த டெக்னீஷியனிடம் விடுங்கள். மேற்கொண்டு அரைச் சுற்றுகூட வேண்டாம்.

என்னென்ன கருவிகள் தேவை?

நல்ல ஆலன் கீ செட் ஒன்று. பெரும்பாலான மார்க்கர்கள் அங்குல அளவு, சிலவற்றில் மில்லிமீட்டர் அளவும் வரும். அளவு மாறிய கீயைப் போட்டு அழுத்தினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும், பிறகு அதை எடுப்பதே தனி வேலையாகிவிடும். ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) எடுக்கப் பிளாஸ்டிக் அல்லது பித்தளைக் கொக்கி, நூல் பிரியாத துணி, நல்ல வெளிச்சம், விளிம்பு வைத்த ஒரு தட்டு. ஸ்பிரிங் தெறித்து ஓடினால் தட்டுக்குள்ளேயே நிற்கும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது சந்தேகமே வராது.

காற்று கசிகிறது. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று பிரிக்காமலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கசியும் இடம்தான் கெட்ட பாகத்தைக் காட்டிக்கொடுக்கும். இடம் தெரியாமல் எல்லா ஓ-ரிங்கையும் மாற்றுபவர்கள் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குவதோடு, நன்றாக இருந்த ஒன்றைக் கிழித்துப் புதுக் கசிவையும் உண்டாக்கிவிடுகிறார்கள்.

டேங்க் மாட்டும் இடத்திலிருந்து சீறினால் டேங்க் ஓ-ரிங். இது மிகச் சாதாரணமானது, ஒரு நிமிட வேலை. ஹோஸ் முனைகளில் சீறினால் அங்கே மரை இணைப்பு தளர்ந்திருக்கிறது. வெளி இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். (உடலுக்குள் சோப்புத் தண்ணீர் போகக் கூடாது.) பேரல் வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தால் கப் சீல் (வால்வை மூடும் சிறு மூடி), அல்லது அது உட்காரும் வால்வு முகம். கிரிப் பக்கமோ உடலின் நடுவிலோ கசிந்தால் வால்வின் வெளிப்புறத்தில் இருக்கும் ஓ-ரிங்குகளைச் சந்தேகப்படுங்கள்.

பேரல் கசிவில் ஒரு பொய் எச்சரிக்கையும் உண்டு. ஸ்பைடர் மாதிரி மார்க்கரில் காக் செய்யாமல் டேங்கை மாட்டினால், ஹேமர் (வால்வை அடித்துத் திறக்கும் பாகம்) வால்வுக் கம்பியை அழுத்திக்கொண்டே நிற்கும். கப் சீல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் காற்று பேரல் வழியே போகும். பேரல் உறையை மாட்டி, சேஃப்டியைப் போட்டு, காக் செய்த பிறகு டேங்கை மாட்டிப் பாருங்கள். சீறல் நின்றுவிட்டால் கெட்டது ஒன்றுமில்லை.

ஓ-ரிங் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

மார்க்கரின் பாகப் பட்டியலில் இருக்கும் எண்ணே முதல் சான்று. அது கிடைக்காவிட்டால் அளந்துதான் ஆக வேண்டும். பழைய ஓ-ரிங் உப்பியோ நசுங்கியோ இருக்கும் என்பதால், அதை அளப்பதைவிட அது உட்காரும் பள்ளத்தை அளப்பது நம்பகமானது.

அங்குல ஓ-ரிங்குகளுக்கு ஏஎஸ்568 என்ற தரப்பட்டியல் இருக்கிறது. இதில் 0-இல் தொடங்கும் எண்களில் 004-உம் அதற்கு மேற்பட்டவையும் 1.78 மி.மீ. தடிமன், 1-இல் தொடங்குபவை 2.62 மி.மீ., 2-இல் தொடங்குபவை 3.53 மி.மீ. மீதி இரண்டு இலக்கங்கள் உள்விட்டத்தைக் குறிக்கும். டேங்க் ஓ-ரிங் 015: உள்விட்டம் 14 மி.மீ., தடிமன் 1.78 மி.மீ. இந்த ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கண்ணால் பார்த்து "இது ஏறக்குறைய சரி" என்று போடுவது சில சுடுதல்கள் வரை தாங்கும். தடிமன் கொஞ்சம் கூடினால் போல்ட் (குண்டைப் பேரலுக்குள் தள்ளும் பாகம்) இழுத்துப் பிடிக்கும், குறைந்தால் கசியும். தடிமனில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூட பெரிது.

எந்த ரப்பர் நல்லது? கறுப்பா, வண்ணத்தில் வருவதா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பொருளைக் கேளுங்கள். நைட்ரைல் ரப்பர் பொதுவாக 70 கடினத்தில் வரும், மென்மையானது, நன்றாக அடைக்கும். யூரித்தேன் 90 கடினத்தில் வரும், தேய்மானத்தைத் தாங்கும்.

கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்துபவர்களுக்கு டேங்க் ஓ-ரிங்கில் யூரித்தேனே என் தேர்வு. நைட்ரைலுக்குள் அந்த வாயு ஊறிப்போகும். டேங்கைக் கழற்றியதும் அழுத்தம் திடீரென்று விடுபடுவதால் ரப்பர் உப்பிவிடும், சில சமயம் கொப்புளித்து வெடிக்கும். கழற்றிய ஓ-ரிங் திரும்பப் பள்ளத்தில் உட்காராமல் பெரிதாகத் தெரிவது இதனால்தான். அதைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் சுருங்கிவிடும், ஆனால் வெடிப்பு விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். அழுத்தக் காற்றில் இந்தத் தொல்லை குறைவு. உள்ளே போல்ட், ஹேமர் போன்ற அசையும் பாகங்களில் மட்டும் தயாரிப்பாளர் சொன்ன கடினத்தையே போடுங்கள். அதிகக் கடினமான ரப்பர் அங்கே உராய்வைக் கூட்டி மார்க்கரை மந்தமாக்கும்.

ஓ-ரிங்கைக் கிழிக்காமல் எப்படி மாற்றுவது?

பழையதை இரண்டு விரலால் ஒரு பக்கம் தள்ளி ஒதுக்கினால் ஒரு மடிப்பு எழும். அந்த மடிப்புக்கு அடியில் கொக்கியை விட்டு உருட்டி எடுங்கள். கூர்மையான எஃகு ஊசி வேண்டாம். ரப்பர் கிழிவது பெரிய இழப்பில்லை, பள்ளத்தின் அடியில் விழும் கீறல்தான் இழப்பு. அந்தக் கீறல் வழியே எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் கசியும்.

பள்ளத்தைத் துடைத்து, பழைய பெயிண்ட் துகள் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். புதியதில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். மரை மேல் அல்லது கூர் விளிம்பு மேல் கடக்க வேண்டியிருந்தால், அந்த இடத்தில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி மூடி அதன்மேல் நகர்த்துங்கள், பிறகு டேப்பைப் பிரித்துவிடுங்கள். உட்கார்ந்த பின் ரப்பர் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு சுற்று பாருங்கள். முறுக்கிய ஓ-ரிங் போகப்போகச் சுருள் சுருளாக அறுந்துவிடும்.

எந்த எண்ணெய் போடுவது?

உங்கள் மார்க்கரின் தயாரிப்பாளர் சொல்லும் பெயிண்ட்பால் எண்ணெய். துரு நீக்கும் ஸ்ப்ரேக்கள் உயவு எண்ணெய் அல்ல. அவை சில ரப்பர்களை உப்பச் செய்துவிடும். இன்னொன்று: உயர் அழுத்தக் காற்று டேங்கின் வாயிலோ அதை நிரப்பும் முனையிலோ எண்ணெய், கிரீஸ் எதையும் விடக் கூடாது. வேகமாக நிரம்பும் காற்று சூடாகும், அங்கே எண்ணெய் இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எண்ணெய் மார்க்கருக்குத்தான், டேங்குக்கு இல்லை.

கப் சீலை நானே மாற்றலாமா?

தாராளமாக. ஸ்பைடர் மாதிரி அடுக்குக் குழாய் மார்க்கரில் கீழ்க்குழாயின் முன்பக்க அடைப்பைக் கழற்றினால் வால்வு ஸ்பிரிங் வரும், அதன் பின்னால் கப் சீல் கம்பியோடு சேர்ந்து வரும். பின்பக்கமிருந்து போல்ட்டையும் ஹேமரையும் முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது. வால்வு உடலையும் எடுக்க வேண்டுமென்றால், அதை அடியிலிருந்து பிடித்திருக்கும் சிறிய ஸ்க்ரூவை மறக்காமல் கழற்றுங்கள். அதைக் கழற்றாமல் மரக்கட்டையால் தட்டி வெளியே தள்ளப் பார்ப்பவர்கள் உடலின் உட்சுவரையே கீறிவிடுகிறார்கள்.

பழைய கப் சீலின் முகத்தைப் பாருங்கள். வால்வு உதடு பதிந்த வட்டக் கோடு ஒரே சீராக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் வெட்டு, துகள் குத்திய குழி, ஒரு பக்கம் மட்டும் ஆழமான பதிவு என்றிருந்தால் அதுதான் கசிவுக்குக் காரணம். அத்தோடு நிற்காமல் வால்வின் உதட்டையும் நகத்தால் வருடிப் பாருங்கள். உதட்டில் ஒரு பிசிர் இருந்தால் புதுக் கப் சீலையும் அது வெட்டும், அப்போது வால்வு உடலையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. கம்பி வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பரப்பில் உருட்டிப் பார்த்தால் தெரியும்.

புதியதைப் போட்ட உடனே லேசான சீறல் வந்தால் பதற வேண்டாம். குண்டில்லாமல் பத்திருபது தடவை சுட்டால் ஹேமர் அடிக்க அடிக்கப் புது முகம் வால்வு உதட்டோடு பதிந்துவிடும். அதற்குப் பிறகும் சீறினால் உள்ளே துகள் இருக்கிறது, அல்லது உதடு கெட்டிருக்கிறது.

டிப்மேன் 98 வகையில் வால்வை முழுசாக மாற்றிவிடுவதையே நான் சொல்வேன். உள்ளே நோண்டும் நேரத்துக்கு அது லாபம்.

வால்வைத் திரும்பப் பூட்டினேன். கசிவு இல்லை, ஆனால் குண்டும் போகவில்லை. ஏன்?

வால்வு திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் இருக்கும் துளை மேலே போல்ட்டுக்குக் காற்று போகும் வழியோடு நேராக இருக்க வேண்டும். ஸ்க்ரூ போடும் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்து, வால்வின் குழி நடுவில் வரும் வரை ஒரு மரக்குச்சியால் சுழற்றிவிட்டு ஸ்க்ரூவைப் போடுங்கள்.

ஸ்பிரிங் செட்டில் மூன்று விதமான ஸ்பிரிங் இருக்கிறது. எதைப் போடுவது?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பாகம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெயின் ஸ்பிரிங் ஹேமரை முன்னே தள்ளுகிறது. ஹேமர் வால்வை அடித்துத் திறக்கிறது. வால்வு ஸ்பிரிங்கும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் சேர்ந்து அதை மூடுகின்றன. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு காற்று குண்டுக்குப் பின்னால் போகும். ஆகவே மெயின் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் வேகம் கூடும், வால்வு ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் குறையும்.

ஆனால் புளோபேக் மார்க்கரில் அதே காற்றின் ஒரு பகுதிதான் ஹேமரைப் பின்னால் தள்ளி மறுபடி காக் செய்கிறது. மெயின் ஸ்பிரிங் கடினமானால் அதை அழுத்திக்கொண்டு பின்னால் போக அதிகக் காற்று வேண்டும். ஓர் எல்லைக்கு மேல் ஹேமர் சியர் (அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) வரை எட்டாமல் திரும்பிவிடும். மெலிதான ஸ்பிரிங்குக்கும் எல்லை உண்டு: வால்வு போதுமான நேரம் திறக்காது, பின்னால் தள்ளக் காற்று கிடைக்காது, மறுபடியும் காக் ஆகாது. இரண்டு தவறுக்கும் அறிகுறி ஒன்றாக இருப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள். குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேகம் அதிகமாகக் காட்டி, காக் ஆகவில்லை என்றால் ஸ்பிரிங் கடினம். வேகம் குறைவாகக் காட்டி, காக் ஆகவில்லை என்றால் மெலிது, அல்லது டேங்கில் அழுத்தம் போதவில்லை.

மெயின், வால்வு இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, அளந்து, குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டிச் சிறிதாக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் குறையும், ஆனால் மிச்சமுள்ள சுருள்கள் முன்னைவிட விறைப்பாகிவிடும். வெட்டு முனை தட்டையாக இல்லாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஹேமரின் சுவரில் உரசும்.

டிரிகரை ஒரு தடவை அழுத்தினால் தானாகவே பல தடவை சுடுகிறது. என்ன கோளாறு?

விளையாட்டை உடனே நிறுத்துங்கள். மைதானத்தில் இப்படி ஓடும் மார்க்கரை வைத்திருக்கக் கூடாது.

முதல் சந்தேகம் டேங்க். அழுத்தம் குறைந்த டேங்கில் ஹேமர் பாதி வழி போய்த் திரும்பித் திரும்பி வால்வைத் தட்டும், படபடவென்று சத்தம் வரும். நிரம்பிய டேங்கை மாட்டியும் நிற்கவில்லை என்றால் ஹேமர் ஓ-ரிங்கைப் பாருங்கள். டிப்மேன் 98-இல் ஹேமராக வேலை செய்யும் பின் போல்ட்டில் இருக்கும் அந்த ஒற்றை ஓ-ரிங் தேய்ந்தால் பின்னால் தள்ள வேண்டிய காற்று பக்கவாட்டில் தப்பித்துவிடும். மலிவான பாகம், ஆனால் தொல்லை முழுக்க அதனிடம்தான். அதற்கும் அடங்காவிட்டால் சியரும் சியர் ஸ்பிரிங்கும்.

காற்றில்லாமல் சோதிக்கலாம். டேங்கைக் கழற்றி, உள்ளே மிச்சம் இல்லை என்று உறுதிசெய்து, காக் செய்து, மார்க்கரின் பின்புறத்தை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். ஹேமர் விடுபட்டால் சியர் சரியாகப் பிடிக்கவில்லை.

தேய்ந்த சியரை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாமா?

கூடாது. பெரும்பாலான சியர்களில் மேற்பரப்பு மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும், அந்த அடுக்கு மெல்லியது. அரம் அதை எடுத்துவிட்டால் அடியில் மென்மையான உலோகம்தான், சில ஆட்டங்களிலேயே முனை வட்டமாகிவிடும். சியரை மாற்றுங்கள், கூடவே அதன் ஸ்பிரிங்கையும். எதிரே ஹேமரின் பிடிக்கும் விளிம்பு உருண்டிருந்தால் ஹேமரையும்தான். கெட்ட ஹேமர் புதுச் சியரை வேகமாகத் தின்றுவிடும்.

உள்ளேயே குண்டு உடைகிறது. டிடென்ட் மாற்றினால் போதுமா?

பல நேரம் போதும். ஒரு குண்டை மட்டும் நிறுத்தி அடுத்ததைத் தடுப்பது டிடென்ட்டின் வேலை. அது தேய்ந்தால் குண்டு பேரலுக்குள் உருண்டுபோய், பின்னால் இரண்டாவது விழுந்து, போல்ட் அதை நறுக்கும். காற்றில்லாமல் ஒரு குண்டை அறைக்குள் வைத்து மார்க்கரை முன்பக்கம் சாயுங்கள். நழுவி ஓடினால் டிடென்ட் போய்விட்டது.

எஃகு உருண்டையும் ஸ்பிரிங்கும் கொண்ட வகையில் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி உள்ளே திருகாதீர்கள், உருண்டை குண்டையே உடைத்துவிடும். குண்டு கடந்து போகும்போது விரலுக்கு ஒரு சிறு தடை தெரிய வேண்டும், அவ்வளவே.

டிப்மேன் 98-ஐ இரண்டாகப் பிரித்ததும் உள்ளே இருந்தவை எல்லாம் விழுந்துவிட்டன. எப்படித் திறப்பது?

ஒரு பக்கத்தை மேசைமேல் தட்டையாகப் படுக்கவைத்து, மேல் பாதியை மட்டும் நேராகத் தூக்குங்கள். பாதி ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம், விளிம்பு சிதைந்தால் பிறகு சரியாகப் பொருந்தாது. டிரிகர், சியர், அதன் சிறிய ஸ்பிரிங் மூன்றும் தத்தம் ஊசிகளில் நிற்கின்றன. ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும், ஓர் அட்டையில் மார்க்கரின் உருவத்தை வரைந்து அதே இடங்களில் குத்திவையுங்கள்.

மூடும்போது பாதிகள் விரல் அழுத்தத்திலேயே இடைவெளியில்லாமல் சேர வேண்டும். சேரவில்லை என்றால் ஏதோ ஒரு பாகம் இடம் மாறியிருக்கிறது, பெரும்பாலும் முன் போல்ட்டையும் பின் போல்ட்டையும் இணைக்கும் லிங்கேஜ் கம்பி அல்லது சியர் ஸ்பிரிங். ஸ்க்ரூவை இறுக்கி இழுத்துச் சேர்க்க முயலவே கூடாது.

ஆட்டோகாக்கரிலும் இதே முறைதானா?

ஓ-ரிங், கப் சீல், ஸ்பிரிங் வரை அதே முறைதான். வித்தியாசம் டைமிங்கில். இங்கே ஹேமரைக் காக் செய்வது தெறிக்கும் காற்று அல்ல. முன்னால் இருக்கும் மூன்று வழி வால்வு குறைந்த அழுத்தக் காற்றைத் திருப்பிவிட, ராம் என்ற சிறு பிஸ்டன் பின்பக்கப் பிளாக்கைத் தள்ளுகிறது, அது போல்ட்டைத் திறந்து ஹேமரையும் இழுத்துக் காக் செய்கிறது. டிரிகரை அழுத்தும்போது முதலில் சியர் ஹேமரை விட வேண்டும், அதன் பிறகுதான் மூன்று வழி வால்வு மாற வேண்டும். வரிசை மாறினால் போல்ட் திறந்த நிலையில் சுடும், காற்று ஹாப்பர் பக்கம் சீறும், குண்டு நொறுங்கும்.

சியரையோ ஹேமரையோ காக்கிங் கம்பியையோ தொட்டால் டைமிங்கை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். கழற்றும் முன் கம்பியின் நீளத்தை அளந்து எழுதிவையுங்கள்.

ஸ்க்ரூக்களில் பசை போடலாமா?

கழற்றக்கூடிய நீல நிற திரெட் லாக்கர், அதுவும் தானாகத் தளரும் ஸ்க்ரூக்களுக்கு மட்டும், ஒரு துளி. சிவப்பு வேண்டாம், அதைச் சூடாக்காமல் எடுக்க முடியாது. குறுகலாகப் போகும் குழாய் மரைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றுங்கள், முதல் மரையை விட்டுவிட்டு. அங்கே சுற்றிய துண்டு உள்ளே உதிர்ந்தால் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். எஃகு ஸ்க்ரூ அலுமினியத்தில் போகிறது என்பதை நினைவில் வைத்து இறுக்குங்கள்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. நேராக ஆடப் போகலாமா?

இல்லை. முதலில் காற்றில்லாமல் காக் செய்து, சேஃப்டி டிரிகரைத் தடுக்கிறதா என்று பாருங்கள். பிறகு முகமூடியோடு டேங்கை மாட்டிக் கசிவைக் கேளுங்கள். குண்டில்லாமல் சில தடவை, அப்புறம் குண்டோடு குரோனோகிராஃபில்.

பரவலாக ஏற்கப்பட்ட உச்ச வேகம் விநாடிக்கு 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர். பல மைதானங்கள் 280 என்றே வைக்கின்றன. வேக ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு குண்டு சுட்டுப் பாருங்கள். ஒரே ஒரு எண்ணை நம்பக் கூடாது. கார்பன் டை ஆக்சைடாக இருந்தால் வெயில் ஏறிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம்: டேங்கின் அழுத்தம் 0 டிகிரியில் ஏறக்குறைய 500 பிஎஸ்ஐ, 21 டிகிரியில் 850-ஐ ஒட்டி வரும். காலையில் 270 காட்டியது மதியம் 300-ஐத் தாண்டிவிடலாம்.

டேங்க் வால்வையும் இதே மாதிரி நானே பிரிக்கலாமா?

வேண்டாம். டேங்கின் வாயில் இருக்கும் ஓ-ரிங் உங்களுடையது, அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் பயிற்சி பெற்றவருடையது. உயர் அழுத்தக் காற்று டேங்குகள் 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ வரை நிரப்பப்படுகின்றன.

மைதானத்துக்கு என்னென்ன மாற்றுப் பாகங்களை எடுத்துப் போவது?

015 டேங்க் ஓ-ரிங் ஐந்தாறு, ஹேமர் ஓ-ரிங் இரண்டு, உங்கள் மார்க்கரின் முழு ஓ-ரிங் செட் ஒன்று, ஒரு ஜோடி டிடென்ட், ஒரு சியர் ஸ்பிரிங், தொலையக்கூடிய சிறு ஸ்க்ரூக்கள் சில, எண்ணெய். கப் சீல் ஒன்று வைத்திருக்கலாம், ஆனால் அதைப் புழுதியில் உட்கார்ந்து மாற்ற வேண்டாம், வீட்டுக்கு வந்து செய்யுங்கள். ஓ-ரிங்குகளை அளவு எழுதிய தனித்தனிச் சிறு பைகளில் போட்டு வெயில் படாமல் வையுங்கள். ஒரே டப்பாவில் கொட்டிவைத்தால் 011-ஐயும் 012-ஐயும் அவசரத்தில் கண்ணால் பிரிக்க முடியாது.